மந்திரமும் விஞ்ஞானமும்: ஒரு விஷக்கடிக் கணக்கு

கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினர் ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒரு முறையாவது தணிக்கைக் குறிப்பைப் படிக்கக் கேட்டிருப்பார்கள். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, தவணை கடந்த பாக்கி இவ்வளவு என்று அதில் கண்டிருக்கும். வரவை மட்டும் எழுதிப் பாக்கியை மறைத்து வைத்த கணக்கு எவ்வளவு அழகான எழுத்தில் இருந்தபோதிலும் அதைத் தணிக்கையாளர் ஒப்புக்கொள்ளார்; அங்கத்தினரும் ஒப்புக்கொள்ளலாகாது. ஆனால், பணத்தின் விஷயத்தில் இவ்வளவு எச்சரிக்கையாயிருக்கும் கிராமவாசிகளிற் பலர், உயிரின் விஷயத்தில் வரவு மட்டும் எழுதிய கணக்கை நம்பிவிடுகின்றனர். இதற்குப் பாம்புக்கடியைப் போல் தெளிவான உதாரணம் வேறொன்று இல்லை.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரையுள்ள இருபது வருஷங்களில் ஏறக்குறைய 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என்று 2020ஆம் வருஷத்தில் வெளியான ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டது. சராசரியாக வருஷத்துக்கு 58,000 பேர். இம்மரணங்களிற் பாதி மழைக் காலத்தில் நேர்ந்தவை. பெரும்பாலானவை கிராமங்களில், அதுவும் ஆஸ்பத்திரியில் அல்ல, வீட்டிலேயே நிகழ்ந்தவை. மாண்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் 30 வயதுக்கும் 69 வயதுக்கும் இடைப்பட்டவர்கள். அதாவது, ஏர் பிடிப்பவர், நாற்று நடுபவர், குடும்பத்தின் பேரில் கடன் வாங்கி அதைத் திருப்பிச் செலுத்தும் பொறுப்பை ஏற்றவர். ஆகவே இது வைத்தியர்களுக்கு மட்டும் உரிய விஷயம் அன்று. கிராமத்தின் பொருளாதாரத்தைப் பற்றிக் கவலை கொள்ளும் ஒவ்வொரு சங்கமும் சிந்திக்க வேண்டிய விஷயமாகும்.

இரண்டு பாதைகள்

அந்தி வேளையில் வரப்பின் மேல் நடந்துவரும் குடியானவர் ஒருவரைப் பாம்பு கடித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அவருக்கு எதிரே இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று, அடுத்த தெருவில் பார்வை பார்க்கும் பெரியவரின் திண்ணைக்குச் செல்வது. அவர் காசு கேளாதவர். நள்ளிரவிலும் எழுந்து வருபவர். வேப்பிலையைக் கொண்டு மேலிருந்து கீழாகத் தடவி, மந்திரம் ஜபித்து, விபூதி கொடுப்பவர். மற்றொன்று, பல மைல்களுக்கு அப்பாலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் செல்வது. அங்கே முன்பின் அறியாத முகங்கள், புரியாத வார்த்தைகள், செலவாகுமோ என்ற பயம். அச்சமயத்தில் பலர் முதற் பாதையைத் தேர்ந்துகொள்வதைக் கேவலம் மூடத்தனம் என்று இகழ்வது நியாயமன்று. அவர்கள் தங்கள் கண்ணால் கண்ட அனுபவத்தைக் கொண்டே அவ்வாறு செய்கிறார்கள். "அவர் கைபட்டுப் பிழைத்தவர்கள் இந்த ஊரிலேயே பத்துப்பேர் இருக்கிறார்கள்" என்பது அவர்களுடைய வாதம். அந்தப் பத்துப்பேர் பிழைத்ததும் உண்மையே. ஆனால், அவர்கள் மந்திரத்தினாலேயே பிழைத்தார்களா என்பதுதான் கேள்வி.

மந்திரக் கணக்கைத் தணிக்கை செய்தல்

இந்தியாவில் 300க்கும் மேற்பட்ட வகைப் பாம்புகள் உள்ளன. அவற்றுள் விஷமுள்ளவை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே. வயலிலும் வீட்டருகிலும் அடிக்கடி காணப்படும் சாரை, நீர்க்கோலி, பச்சைப்பாம்பு முதலியவை கடித்தால் உயிருக்கு ஆபத்து இல்லை. கடித்தது எது என்று இருட்டில் பெரும்பாலோருக்குத் தெரிவதும் இல்லை. இன்னொன்றும் உண்டு. விஷப்பாம்பு தன் விஷத்தை இரை பிடிப்பதற்காகவே சேமித்து வைத்திருக்கிறது. மிதித்தவரைத் தற்காப்புக்காகக் கடிக்கும்போது சில சமயம் விஷத்தைச் செலுத்தாமலே பல்லை மட்டும் பதித்துவிடும். சில சமயம் மிகச் சிறிய அளவே இறக்கும்.

இனி ஒரு கணக்குப் போடுவோம். பின்வரும் எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவையேயன்றி ஓரிடத்தில் எண்ணிப் பார்த்தவை அல்ல. பல வருஷங்களில் பாம்பு கடித்த 100 பேர் ஒரு மந்திரவாதியிடம் வந்தனர் என்க. அவர்களில் 60 பேரைக் கடித்தது விஷமில்லாத பாம்பு. மீதி 40 பேரைக் கடித்தது விஷப்பாம்பு. ஆயினும் அவர்களில் 15 பேருக்கு விஷம் இறங்கவில்லை. விஷம் இறங்கிய 25 பேரில் 10 பேருக்கு இறங்கிய அளவு குறைவு. அவர்கள் வருந்திப் பிழைத்தார்கள். 15 பேர் இறந்தார்கள். ஆக, 85 பேர் பிழைத்து எழுந்து தேங்காய் பழத்துடன் வந்து நன்றி கூறினார்கள். மந்திரவாதி மனமறிந்து பொய் சொல்பவர் அல்லர். நூற்றுக்கு எண்பத்தைந்து பேரைத் தாம் காப்பாற்றியதாக அவரே உண்மையாக நம்புகிறார், ஊரும் நம்புகிறது.

இறந்த 15 பேர் எந்தப் பேரேட்டில் எழுதப்படுகிறார்கள்? ஒருவர் காலங்கடந்து வந்தார். ஒருவர் தீட்டோடு வந்தார். ஒருவரைக் கடித்த பாம்பு தெய்வ சாபம் பெற்றது. ஒருவருக்கு ஆயுள் அவ்வளவே. ஒவ்வொரு மரணத்துக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. எதுவும் மந்திரத்தின் பற்றில் எழுதப்படுவதில்லை. இறந்தவர் திண்ணைக்கு வந்து சாட்சி சொல்வதும் இல்லை.

இப்போது ஒரு தணிக்கையாளர் கேட்கக்கூடிய கேள்வியைக் கேட்போம். அதே 100 பேர் மந்திரவாதியிடம் செல்லாமல் வீட்டிலேயே படுத்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்? அப்போதும் 85 பேரே. எனவே மந்திரத்தினால் நேர்ந்த நிகர லாபம் பூஜ்யம். காப்பாற்ற வேண்டியிருந்தவர்கள் அந்த 15 பேர்தாம். திண்ணையில் கழிந்த இரண்டு மணி நேரமும் அவர்களுடைய முதலிலிருந்து போன நஷ்டம். எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று கேட்பது மட்டும் போதாது. இதைச் செய்யாதவர்களில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்றும் கேட்க வேண்டும். இவ்விரண்டாவது கேள்வியைக் கேட்கத் தொடங்கிய இடத்திலேயே விஞ்ஞானம் மந்திரத்தைவிட்டுப் பிரிந்தது.

பாம்புக்கல்லின் பரீட்சை

இப்பிரிவு நேர்ந்த விதத்தைப் பாம்புக்கல்லின் சரித்திரத்தில் காணலாம். பாம்புக்கல் என்பது பெரும்பாலும் எரித்துக் கருக்கிய எலும்புத் துண்டு. கடிவாயில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். சிறிது நேரத்தில் தானே விழுந்துவிடும். ஒட்டும்போது விஷத்தை உறிஞ்சுகிறது என்றும், உறிஞ்சி முடித்ததும் விழுகிறது என்றும் சொல்வார்கள். கருகிய எலும்பில் நுண்ணிய துளைகள் நிறைந்திருப்பதால் ஈரம் பட்ட எதிலும் அது ஒட்டும். துளைகள் இரத்தத்தால் நிறைந்ததும் விழும். விஷம் இல்லாத புண்ணிலும் அவ்வாறே செய்யும். விஷமோ, கடித்த சிறிது நேரத்துக்குள் தசையினுள் பரவிவிடுவதால் மேலே வைத்த கல்லுக்கு எட்டாது.

பதினேழாம் நூற்றாண்டில் இந்தக் கற்கள் இந்தியாவிலிருந்து இத்தாலிய தேசத்துக்குச் சென்றன. ரோமாபுரியில் வசித்த கிர்ச்சர் என்னும் பாதிரியார் பெரிய பண்டிதர். அவர் விரியன் கடித்த ஒரு நாயின் மேல் கல்லை வைத்து, நாய் பிழைத்ததைக் கொண்டு அதன் மகிமையைப் பற்றி எழுதினார். பிளாரென்ஸ் நகரத்து அரண்மனை வைத்தியரான பிரான்செஸ்கோ ரெடி என்பவர் ஒரு நாயைக் கொண்டு திருப்தியடையவில்லை. அவர் பல பிராணிகளுக்கு விஷம் ஏற்றி, கல்லை வைத்து வைத்துப் பார்த்தார். கல் பயன்படவில்லை. இதை அவர் கிர்ச்சருக்கே எழுதிய நிருபமாக 1671ஆம் வருஷத்தில் அச்சிட்டு வெளியிட்டார். இருவரும் கற்றவர்கள், இருவரும் பரீட்சை செய்தவர்கள். ஒருவர் தமக்கு அனுகூலமான ஒரு நிகழ்ச்சியோடு நிறுத்திக்கொண்டார். மற்றவர் தம் நம்பிக்கை தவறாயிருக்குமோ என்று திரும்பத் திரும்பச் சோதித்தார். வித்தியாசம் கல்வியில் இல்லை. கணக்கை முடிக்கும் முறையில் இருந்தது.

நூறு வருஷங்களுக்குப் பின் அதே நகரத்தில் பெலிச்சே பொந்தானா என்பவர் விரியனின் விஷத்தைப் பற்றி 6,000க்கும் மேற்பட்ட பரீட்சைகளைச் செய்து 1781ஆம் வருஷத்தில் பெரிய நூலொன்றை வெளியிட்டார். அக்காலத்தில் ஐரோப்பிய வைத்தியர்கள் நவச்சார நீரைச் சிறந்த விஷமுறியாகக் கருதினார்கள். அது பயனற்றது என்று பொந்தானா காட்டினார். அவர் கண்ட முக்கியமான உண்மை இது: அந்த தேசத்து விரியன் கடித்த பெரியவர்களிற் பெரும்பாலோர் எந்த மருந்தும் இல்லாமலே பிழைத்துவிடுகிறார்கள், ஆகையால், யார் எந்த மருந்தைக் கொடுத்தாலும் அந்த மருந்துக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. பரீட்சிக்கப்படாத நவச்சார நீருக்கும் மந்திரத்துக்கும் பேதமில்லை. சீசாவில் அடைத்து வைத்தியர் கொடுப்பதனால் மட்டும் ஒரு பொருள் விஞ்ஞானமாகிவிடாது.

தமிழ்நாட்டிலும் இவ்விதப் பரீட்சை நடந்ததுண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாஷாணம் சேர்ந்த தஞ்சாவூர் மாத்திரை பாம்புக்கடிக்குப் பெயர் பெற்றிருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியாரின் கீழ்ச் சென்னையில் உத்தியோகம் பார்த்த பாட்ரிக் ரஸ்ஸல் என்ற வைத்தியர் அதைப் பிராணிகளுக்குக் கொடுத்துப் பரிசோதித்தார். சோழமண்டலக் கரையோரத்துப் பாம்புகளைப் பற்றிய அவருடைய நூல் 1796ஆம் வருஷத்தில் வெளிவந்தது. கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் அவர் பெயரே வழங்குகிறது. பின்னர் ஜோஸப் பேயரர் என்பவர் அக்காலத்தில் புகழ்பெற்ற பல மருந்துகளைக் கல்கத்தாவில் பரிசோதித்து, ஒன்றும் விஷத்தை முறிக்கவில்லை என்று 1872ஆம் வருஷத்தில் எழுதினார். அதாவது, மந்திரம் பயன்படாதது என்று கண்ட விஞ்ஞானம் தன் கையிலும் மருந்து இல்லை என்று அன்று ஒளிவின்றி ஒப்புக்கொண்டது.

பாம்பாட்டியின் பீப்பாய்

மருந்து பிறந்த கதையில் பாம்பு பிடிப்பவருக்கும் ஓர் இடம் உண்டு. 1891ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில், இக்காலத்து வியத்நாமின் தென்பகுதியிலுள்ள பாக்லியு என்னும் ஊருக்கு அருகே பெருமழை பெய்து வெள்ளம் சூழ்ந்தது. நாகங்கள் குடிசைகளுக்குள் புகுந்தன. கடிபட்ட நால்வர் சராசரி ஒன்றரை மணி நேரத்தில் இறந்தனர். அப்பகுதியிலிருந்த பாம்பாட்டி ஒருவர் 19 நாகங்களை உயிருடன் பிடித்து ஒரு பீப்பாயில் அடைத்தார். அதிகாரி அந்தப் பீப்பாயை ஸெய்கோன் நகரத்து ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பிவைத்தார். அதன் தலைவராயிருந்த ஆல்பெர்ட் கல்மெத் என்ற இளைஞர் அப்பாம்புகளின் விஷத்தைக் கொண்டு ஆராய்ச்சியைத் தொடங்கினார்.

விஷத்தைச் சிறிது சிறிதாக ஒரு பிராணியின் உடலில் ஏற்றிவந்தால், அதன் இரத்தத்தில் அவ்விஷத்தைக் கட்டிப்போடும் பொருள் உண்டாகிறது. 1894ஆம் வருஷத்தில் பிரான்ஸ் தேசத்தில் கல்மெத் ஒருபுறமும், பிஸாலி, பெர்த்திரான் என்ற இருவர் மற்றொருபுறமும் இதை வெளியிட்டனர். முன்பு ஏற்றாத வேறொரு பிராணிக்கு அந்த இரத்தத்திலிருந்து எடுத்த ஸீரத்தைக் கொடுத்தால் அதுவும் விஷத்திலிருந்து தப்பியது. ஸீரம் கொடாத பிராணி இறந்தது. தணிக்கையாளரின் கேள்விக்கு முதன்முறையாக விடை கிடைத்தது.

இதன்பின் நடந்ததே இன்னும் கவனிக்கத்தக்கது. நாகத்தின் விஷத்திலிருந்து செய்த தம் ஸீரம் எல்லாப் பாம்புகளின் விஷத்தையும் முறிக்கும் என்று கல்மெத் கருதினார். அவர் கீர்த்தி பெற்றவர். அவர் வாக்கை மறுப்பது எளிதன்று. ஆயினும் ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் என்பவரும், பம்பாயில் லாம்ப் என்ற டாக்டரும் அதைப் பரிசோதித்தார்கள். நாகத்தின் ஸீரம் கண்ணாடி விரியனின் விஷத்தை முறிக்கவில்லை என்று லாம்ப் காட்டினார். ஆகையால் ஒவ்வொரு முக்கியமான பாம்பின் விஷத்தையும் கொண்டு ஸீரம் செய்ய வேண்டும் என்ற முடிவு ஏற்பட்டது. குருவின் பிழையைச் சீடர் சொல்வது மந்திர வித்தையில் அபசாரம். மந்திரத்தை வெளியிட்டால் பலிக்காது என்பது அதன் விதி. விஞ்ஞானத்திலோ வெளியிடாவிட்டால் அது கணக்கிலேயே சேராது. எவரும் பார்க்கும்படி பேரேட்டைத் திறந்து வைத்ததனாலேயே பெரியவர் ஒருவரின் பிழை சில வருஷங்களுக்குள் திருத்தப்பட்டு, பிற்காலத்தில் பல்லாயிரம் உயிர்கள் பிழைக்க வழி ஏற்பட்டது.

ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் தொண்டு

இந்தியாவில் வழங்கும் விஷமுறி ஸீரம் நான்கு பாம்புகளின் விஷத்தைக் கொண்டு செய்யப்படுவது. அவை நல்ல பாம்பு என்னும் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். அவ்விஷங்களைக் குதிரைகளுக்குச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றி, பின் அவற்றின் இரத்தத்தில் ஒரு பகுதியை எடுத்துச் சுத்தி செய்து மருந்தாக்குகிறார்கள்.

இதற்கு வேண்டிய விஷம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கூட்டுறவாளர் யாவரும் பெருமையுடன் அறிய வேண்டும். செங்கல்பட்டு ஜில்லாவில் மாமல்லபுரத்துக்கு அருகிலுள்ள வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. இருளர்கள் தலைமுறை தலைமுறையாக வளையின் வாயையும் மண்ணிலுள்ள தடத்தையும் கண்டே உள்ளே இருப்பது எந்தப் பாம்பு என்று சொல்லும் திறமை வாய்ந்தவர்கள். முன்பு அவர்கள் தோல் வியாபாரிகளுக்காகப் பாம்பு பிடித்து வந்தார்கள். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தாலும், 1976ஆம் வருஷத்தில் பாம்புத்தோல் ஏற்றுமதி தடைப்பட்டதாலும் அந்த ஜீவனம் அற்றுப்போயிற்று. 1978ஆம் வருஷத்தில் அவர்கள் சங்கமாகக் கூடினார்கள். அரசாங்க அநுமதி பெற்றுப் பாம்புகளைப் பிடித்து, சில வாரங்கள் வைத்திருந்து விஷத்தை எடுத்து, அடையாளமிட்டுத் திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். இந்த தேசத்தில் ஸீரம் செய்வதற்கு வேண்டிய விஷத்தின் பெரும்பகுதியை நெடுங்காலமாக அச்சங்கமே அளித்து வந்திருக்கிறது. அச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவருக்கு 2023ஆம் வருஷத்தில் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. பழைய ஞானம் முழுவதும் தள்ளத்தக்கதும் அன்று. முழுவதும் கொள்ளத்தக்கதும் அன்று. பாம்பை அறியும் இருளரின் அறிவு ஒவ்வொரு நாளும் வளையின் வாயில் பரீட்சிக்கப்படுகிறது. தவறினால் பாம்பு கிடைக்காது அல்லது உயிர் போகும். ஆகையால் அது நிலைத்தது, விஞ்ஞானத்துக்கு வலக்கையாயிற்று. பாம்புக்கல்லோ பரீட்சையில் தேறவில்லை. பழைமை, புதுமை என்பது பிரமாணமன்று, பரீட்சையே பிரமாணம்.

ஊசியும் மந்திரமன்று

ஆஸ்பத்திரிக்கு வருபவர்களிலும் சிலர் மந்திர புத்தியை விடாமலே வருகின்றனர். வந்தவுடன் ஊசி போடவில்லை என்று டாக்டரிடம் சண்டையிடுகிறார்கள். விஷம் ஏறியதற்கான குறிகள் இல்லாதபோது ஸீரம் கொடுப்பது முறையன்று. அது குதிரையின் இரத்தத்திலிருந்து எடுத்ததாகையால் சிலருடைய உடல் அதை ஏற்காமல் மூச்சுத் திணறல் முதலிய ஆபத்துகள் உண்டாகலாம். எனவே டாக்டர் முதலில் குறிகளைப் பார்க்கிறார். விரியன் கடியில் இரத்தம் உறையும் சக்தி கெடும். நோயாளியின் இரத்தத்தைச் சிறிது எடுத்து, சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிஷம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விஷம் ஏறியது நிச்சயம். நாகமோ கட்டுவிரியனோ கடித்திருந்தால் கண்ணிமை தாழும், பேச்சுக் குழறும், விழுங்குவதும் மூச்சு விடுவதும் கடினமாகும். அப்போது ஸீரத்துடன் சுவாச யந்திரமும் வேண்டியிருக்கலாம். இவையெல்லாம் திண்ணையில் கிடைப்பவை அல்ல.

ஸீரத்துக்கும் குறைகள் உண்டு. நான்கு வகைக்கு அப்பாற்பட்ட சில பாம்புகளின் விஷத்தை அது முறிக்காது. ஒரே வகைப் பாம்பின் விஷமும் பிரதேசத்துக்குப் பிரதேசம் வேறுபடுவதால், ஓரிடத்து விஷத்தினால் செய்த மருந்து எல்லா இடத்திலும் சமமாகப் பலிப்பதில்லை. இக்குறைகளை ஆராய்ச்சியாளர்களே கண்டு எழுதியிருக்கிறார்கள், நீக்கவும் முயல்கிறார்கள். பற்றுப் பக்கத்தை மறையாது எழுதும் கணக்கு இதுவே.

செய்ய வேண்டியவை, செய்யலாகாதவை

கடிபட்டவரை முதலில் தேற்ற வேண்டும். பயத்தினால் ஓடவோ பதறவோ விடலாகாது. கடிபட்ட கையையோ காலையோ முறிந்த எலும்பைப் போல அசையாமல் வைத்து, மோதிரம், மெட்டி, கொலுசு, இறுக்கமான துணி ஆகியவற்றை வீக்கம் ஏறுமுன் கழற்றிவிட வேண்டும். கயிற்றால் இறுகக் கட்டலாகாது. அதனால் அவயவமே அழுகிப்போகலாம். கடிவாயைக் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், சுடுதல், பச்சிலை வைத்துத் தேய்த்தல் எல்லாம் தீங்கு. பாம்பைத் துரத்திப் பிடிக்க முயன்றால் இரண்டாவது ஆளும் கடிபடுவார். கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு 108 எண்ணுக்குச் சொல்லியோ, கிடைத்த வண்டியிலோ, நடக்க விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். குறி ஒன்றும் தெரியாவிட்டாலும் ஒரு நாள் முழுவதும் டாக்டரின் பார்வையில் இருப்பது அவசியம்.

கட்டுவிரியனைப் பற்றித் தனியே எச்சரிக்கை வேண்டும். அது பெரும்பாலும் இரவில், தரையில் படுத்துறங்குபவரைக் கடிக்கும். வலியும் வீக்கமும் இராது. பல் பதிந்த தடமும் தெரியாமற் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி என்றோ இமை திறக்க முடியவில்லை என்றோ ஒருவர் சொன்னால் "காற்றுக் கருப்பு" என்று தாயத்துக் கட்டிக் காலம் போக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். கட்டிலும் ஓரங்களைச் சொருகிய கொசுவலையும் இதற்குச் சிறந்த காப்பு.

சங்கங்களின் கடமை

ஒவ்வொரு சங்கமும் இவ்விஷயத்தில் நான்கு காரியங்களைச் செய்யலாம். முதலாவது, ஸீரமும் சுவாச யந்திரமும் உள்ள ஆஸ்பத்திரிகளில் எது அருகில் இருக்கிறது என்று விசாரித்து, வழியையும் தொலைபேசி எண்ணையும் சங்கக் கட்டிடத்தின் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தல். இரண்டாவது, இரவில் வண்டி கொடுக்க இசையும் அங்கத்தினர்களின் பெயர்களை முன்னதாகவே குறித்து வைத்தல். மூன்றாவது, கைவிளக்கும் கணுக்கால் மூடிய செருப்பும் மொத்தமாக வாங்கி அடக்க விலைக்கு அங்கத்தினர்க்கு அளித்தல். நான்காவது, பாம்புக்கடிக்கு ஒரு குறிப்புப் புத்தகம் வைத்தல். யார், எந்த நேரத்தில், எங்கே கடிபட்டார். முதலில் எங்கே சென்றார். ஆஸ்பத்திரியை அடைய எவ்வளவு நேரமாயிற்று. முடிவு யாது என்பவற்றை அதில் எழுதிவர வேண்டும். பிழைத்தவரை எழுதுவது போலவே இறந்தவரையும் எழுத வேண்டும். ஐந்து வருஷம் சென்றபின் மகாசபையில் அப்புத்தகத்தைப் படித்தால், எந்தப் பாதை நல்லது என்று வெளியார் வந்து உபதேசிக்க வேண்டியதில்லை.

பார்வை பார்க்கும் பெரியவரைப் பகைக்கவும் வேண்டாம். அவர் நடுநிசியில் எழுந்து வந்தது கருணையினால். அச்சத்தைத் தணிக்கும் சொல்லின் பயனை டாக்டர்களும் மறுப்பதில்லை. ஆனால், அச்சொல்லை ஆஸ்பத்திரிக்குச் செல்லும் வண்டியில் அமர்ந்தும் சொல்லலாம். கடிபட்டவர் வந்தவுடன், "முதலில் வண்டியைப் பூட்டுங்கள்; நானும் வருகிறேன்" என்று அவர் சொல்லும்படி செய்வதே சங்கத்தின் வெற்றியாகும். அவருடைய வார்த்தைக்கு ஊரில் இருக்கும் மதிப்பு, அன்று முதல் அந்தப் பதினைந்து பேரைக் காப்பாற்றவும் பயன்படும்.